8.8.8.8 போட்டா நெட் பறக்குமா? வீட்டு வைஃபையில் டிஎன்எஸ் மாற்றும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

"செட்டிங்ஸ்ல போய் இந்த நாலு நம்பரை மாத்துங்க, நெட் ஸ்பீடு டபுள் ஆகும்!" - இப்படிச் சொல்லும் ரீல்ஸ் ஒன்றாவது உங்கள் கண்ணில் பட்டிருக்கும். சிலர் 8.8.8.8 போடச் சொல்கிறார்கள். சிலர் 1.1.1.1 தான் பெஸ்ட் என்கிறார்கள். மாற்றியதும் நெட் பறக்குது என்று கமென்ட் போடுபவர்களும் உண்டு, இருந்த நெட்டும் போச்சு என்று புலம்புபவர்களும் உண்டு.

உண்மையில் அந்த எண்ணை மாற்றினால் எது மாறுகிறது? வேகமா, பாதுகாப்பா, இல்லை நாம் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறோம் என்ற தகவல் போய்ச் சேரும் இடமா? கட்டாயம் மாறுவது மூன்றாவதுதான். ரீல்ஸ்காரர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவதும் அதைத்தான்.

டிஎன்எஸ் - அது என்ன வேலை பார்க்குது?

ஒரு ஊருக்குப் புதிதாகப் போகிறீர்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் "கணக்கு வாத்தியார் வீடு எங்கங்க?" என்று கேட்கிறீர்கள். கடைக்காரர் கை காட்டுகிறார், நீங்கள் நடக்கிறீர்கள். இணையத்தில் அந்த டீக்கடைக்காரர் வேலையைச் செய்வதுதான் டிஎன்எஸ் சர்வர். நீங்கள் யூடியூப் என்றோ, வங்கியின் இணையதளப் பெயரையோ அடிக்கிறீர்கள். கணினிகளுக்குப் பெயர் தெரியாது, எண் முகவரிதான் தெரியும். பெயரைச் சொன்னால் எண்ணைத் திருப்பிச் சொல்வது டிஎன்எஸ்.

இணையம் சின்னதாக இருந்த காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இருந்த ஓர் ஆய்வு நிறுவனம் அதைப் பராமரித்தது. கணினிகள் பெருகப் பெருக அது சமாளிக்க முடியாமல் போனது. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்ற பொறியாளர் இப்போதைய முறையை வடிவமைத்தார். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைக்காமல், யாரிடம் கேட்டால் தெரியும் என்று படிப்படியாகக் கேட்டுப் போகிற முறை அது. அந்தப் படிகளின் உச்சியில் இருப்பவை ரூட் சர்வர்கள். அவற்றில் ஒன்றின் நகல் சென்னையிலும் இயங்குகிறது.

இந்த அலைச்சல் எல்லாம் உங்கள் போனுக்கு இல்லை. போன் ஒரே ஒரு சர்வரிடம்தான் கேட்கும். மற்ற இடங்களில் விசாரித்துவிட்டு வந்து பதில் சொல்வது அந்த சர்வரின் வேலை. ஏற்கெனவே யாராவது கேட்ட பெயர் என்றால் நினைவில் வைத்திருந்து உடனே சொல்லிவிடும்.

நீங்கள் எதையும் மாற்றாதவரை அந்த ஒரு சர்வர், உங்களுக்கு நெட் கனெக்‌ஷன் கொடுத்த நிறுவனத்துடையது. சில சிறிய நிறுவனங்கள் சொந்தமாக சர்வர் வைக்காமல் கூகுளின் 8.8.8.8-ஐயே வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்துவிடுவதும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் ரீல்ஸ் பார்த்து 8.8.8.8 போட்டால், மாறுவது ஒன்றுமே இல்லை!

சரி, ஸ்பீடு கூடுமா கூடாதா?

நீங்கள் 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருந்தால், டிஎன்எஸ் எதுவானாலும் அது 100 தான். வழி சொல்பவரை மாற்றினால் ரோடு அகலமாகாது. படம் டவுன்லோடு ஆகும் வேகமோ, வீடியோ கால் தரமோ டிஎன்எஸ்ஸால் கூடுவதில்லை.

மாறக்கூடியது ஒரு பக்கம் திறக்கத் தொடங்கும் அந்த முதல் நொடித் துளி. கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: பழைய சர்வர் பதில் சொல்ல 60 மில்லி செகண்ட், புதியது 20 மில்லி செகண்ட். மிச்சம் 40 மில்லி செகண்ட். கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவு. ஒரு செய்தித் தளம் விளம்பரம், படம், வீடியோ என்று பல பெயர்களைக் கேட்கும் என்பதால் கொஞ்சம் சேர்ந்து தெரியலாம். உங்கள் நிறுவனத்தின் சர்வர் நிஜமாகவே மோசமாக இருந்தால் மட்டும் 'அட, வித்தியாசம் தெரியுதே' என்று தோன்றும். அது பொய்யில்லை. ஆனால் அந்த வித்தியாசம் எல்லா வீட்டுக்கும் வராது.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் நடக்கலாம். டிஎன்எஸ்ஸை மாற்றியதால் வீடியோ மெதுவாவது! பெரிய தளங்கள் தங்கள் வீடியோக்களையும் படங்களையும் ஒரே இடத்தில் வைத்திருப்பதில்லை. ஊர் ஊராக நகல் வைத்திருக்கின்றன. அகமாய் போன்ற நிறுவனங்கள் நெட் கொடுக்கும் கம்பெனிகளின் வளாகத்துக்குள்ளேயே நகல் சர்வர்களை வைத்திருக்கின்றன. உங்களை எந்த நகலுக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய, கேள்வி எந்த டிஎன்எஸ் சர்வரிடமிருந்து வருகிறது என்பதையும் அவை பார்க்கின்றன. உங்கள் நிறுவனத்தின் சர்வர் கேட்டால் பக்கத்தில் உள்ள நகல் கிடைக்கும். வெளியார் சர்வர் கேட்டால், அந்த வெளியார் இருக்கும் ஊருக்குப் பக்கத்து நகல் கிடைக்கலாம். நீங்கள் மதுரையில் இருப்பீர்கள், வீடியோ மும்பையிலிருந்து வரும்.

கூகுள் இதைச் சமாளிக்க, உங்கள் முகவரியின் ஒரு பகுதியை மட்டும் அந்தத் தளத்துக்குக் காட்டுகிறது. கிளவுட்ஃபிளேர் அந்தரங்கம் கருதி அதைக் காட்டுவதில்லை, பதிலுக்குத் தன் சர்வர்களையே பல நகரங்களில் வைத்திருக்கிறது. சென்னையில் 2015 முதலே அதற்கு மையம் உண்டு. ஒன்றில் அந்தரங்கம் கொஞ்சம் குறையும், இன்னொன்றில் பக்கத்து நகல் தவறலாம். எது வேகம் என்பது வீட்டுக்கு வீடு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 'இதுதான் இந்தியாவிலேயே பெஸ்ட் டிஎன்எஸ்' என்று யாராவது சொன்னால், அவர் வீட்டில் பெஸ்ட் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்போ எதுக்குத்தான் மாத்தணும்?

நியாயமான காரணம் ஒன்று உண்டு. உங்கள் நிறுவனத்தின் டிஎன்எஸ் அடிக்கடி படுத்துவிடுவது. வைஃபை சிக்னல் ஃபுல்லாக இருக்கும், ரவுட்டரில் பச்சை விளக்கும் எரியும், ஆனால் எந்தத் தளமும் திறக்காது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வீடியோ மட்டும் ஓடும். இந்த அறிகுறி அடிக்கடி வந்தால் டிஎன்எஸ்ஸைச் சந்தேகிக்கலாம்.

ஆனால் நெட் முடங்கும் எல்லா நேரத்திலும் இது மருந்தல்ல. 2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியது நினைவிருக்கும். ஃபேஸ்புக்கின் சொந்த டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் பாதையே அன்று இணையத்திலிருந்து மறைந்துவிட்டது. 2025 அக்டோபர் 20-ல் அமேசானின் கிளவுட் சேவை தடுமாறி உலகெங்கும் பல ஆப்கள் நின்றபோதும் மூல காரணம் டிஎன்எஸ்தான். அதன் தானியங்கி முறையில் ஏற்பட்ட கோளாறால் ஒரு முக்கியமான பெயருக்கு எதிரே எண்ணே இல்லாமல் போனது. வாத்தியாரே வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனால் எந்த டீக்கடையில் கேட்டு என்ன பயன்? இந்த மாதிரி நாட்களில் உங்கள் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 ஆக்கினாலும், 9.9.9.9 ஆக்கினாலும் பதில் ஒன்றுதான்.

பெரிய நிறுவனம் என்றால் படுக்காது என்பதும் இல்லை. 2025 ஜூலை 14-ல், நம் நேரப்படி ஜூலை 15 அதிகாலை, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 சேவை உலக அளவில் சுமார் ஒரு மணி நேரம் நின்றது. தாக்குதல் எதுவும் இல்லை, அவர்களே செய்த ஒரு செட்டிங்ஸ் தவறு. நாம் அதிகாலை மூன்றரை மணித் தூக்கத்தில் இருந்ததால் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. 1.1.1.1-ஐ மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் இணையமே இல்லை. 1.1.1.1-க்குத் துணையாக 1.0.0.1 போட்டவர்களுக்கும் அதே கதி, ஏனென்றால் இரண்டும் ஒரே கடையின் இரண்டு கதவுகள்.

தடை செய்யப்பட்ட தளமும் டிஎன்எஸ்ஸும்

பலர் டிஎன்எஸ்ஸை மாற்றக் காரணம் ஸ்பீடு அல்ல என்பது ஊரறிந்த ரகசியம். 2018 நவம்பரில் ரஜினிகாந்தின் '2.0' வெளியானபோது, திருட்டுத்தனமாகப் படத்தை வெளியிடக்கூடிய 12,000-க்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்கச் சொல்லி 37 இணைய நிறுவனங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மத்திய அரசும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் தளங்களை முடக்க உத்தரவிடுகிறது. உத்தரவு வந்ததும் நிறுவனம் என்ன செய்யும்? செலவு குறைந்த வழி, தன் டிஎன்எஸ் சர்வரைப் பொய் சொல்ல வைப்பது. அந்தப் பெயரைக் கேட்டால் 'அப்படி ஒரு வீடே இல்லை' என்று சொல்லும், அல்லது அறிவிப்புப் பலகை உள்ள வேறு முகவரிக்கு அனுப்பும்.

இந்த முறையில் முடக்கினால் டிஎன்எஸ்ஸை மாற்றியவர் தப்பிவிடுவார். ஆனால் எல்லா நிறுவனமும் இப்படி முடக்குவதில்லை. சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி என்ற அமைப்பின் ஆய்வாளர்கள் சில ஆண்டுகளுக்கு முன் சோதித்தபோது, ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக முடக்குவதும், முடக்கப்பட்ட தளங்களின் பட்டியல்கூட நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதும் தெரிய வந்தது. இணைப்பின் தொடக்கத்தில் தளத்தின் பெயர் வெளிப்படையாகப் போவதைக் கவனித்து அங்கேயே துண்டிப்பது இன்னொரு முறை. ஜியோ அப்படிச் செய்வதை அதே ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அங்கே டிஎன்எஸ்ஸை மாற்றுவதால் பயனில்லை.

இந்த எண்கள் அரசியலாகவும் ஆகியிருக்கின்றன. 2014 மார்ச்சில் துருக்கி அரசு ட்விட்டரை முடக்கியபோது, இஸ்தான்புல் தெருச் சுவர்களில் 8.8.8.8 என்று பெயின்ட்டால் எழுதி வைத்தார்கள். அடுத்த சில நாட்களில், அந்த எண்ணுக்குப் போகும் கேள்விகளையே துருக்கி நிறுவனங்கள் வழிமறித்துத் தாங்களே பதில் சொல்லத் தொடங்கின. 8.8.8.8 என்று நீங்கள் போட்டிருப்பீர்கள், பதில் சொல்வது வேறு ஆள். அதை கூகுளே உறுதி செய்தது. பத்தாண்டு கழித்து, 2024-ல் பிரான்சில் வேறொரு திருப்பம். கால்பந்து போட்டிகளைத் திருட்டுத்தனமாகக் காட்டும் தளங்களுக்கு வழி சொல்லக் கூடாது என்று கூகுள், கிளவுட்ஃபிளேர், சிஸ்கோ மூன்றுக்கும் பாரிஸ் நீதிமன்றம் உத்தரவிட்டது. சிஸ்கோ தன் ஓப்பன்டிஎன்எஸ் சேவையை அந்த நாட்டில் நிறுத்திக்கொண்டு வெளியேறியது. முந்தைய நாள் வரை அதை நம்பி ரவுட்டரில் போட்டு வைத்திருந்த வீடுகளில் திடீரென்று நெட் வேலை செய்யவில்லை.

டிஎன்எஸ்ஸை மாற்றுவது இந்தியாவில் குற்றம் இல்லை. முடக்கப்பட்ட திருட்டுப் படத் தளத்துக்குள் போவது சட்டப் பிரச்னை, அங்கே கிளிக் செய்யும் இடமெல்லாம் வைரஸ் என்பது கூடுதல் பிரச்னை.

நாம பார்க்கிறது யாருக்குத் தெரியும்?

டிஎன்எஸ் கேள்விகள் பழைய முறையில் திறந்த தபால் கார்டு மாதிரிதான் போகின்றன. வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உங்கள் வீட்டில் எத்தனை மணிக்கு எந்த மருத்துவமனைத் தளம், எந்தக் கடன் ஆப், எந்த மேட்ரிமோனி தளம் தேடப்பட்டது என்பது அந்தப் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பக்கத்தில் என்ன படித்தீர்கள் என்று தெரியாது, எந்த வாசலுக்குப் போனீர்கள் என்று தெரியும்.

8.8.8.8-க்கு மாறினால் அந்தப் பட்டியல் கூகுளிடம் போகிறது. 1.1.1.1 என்றால் கிளவுட்ஃபிளேரிடம். இடம் மாறுதே தவிர, மறையவில்லை. அவர்கள் வாக்குறுதி கொடுத்திருக்கிறார்கள், அது உண்மை: முழு ஐபி முகவரியுள்ள பதிவுகளை 24 முதல் 48 மணி நேரத்தில் அழிப்பதாக கூகுள் சொல்கிறது. 25 மணி நேரத்தில் அழிப்பதாக கிளவுட்ஃபிளேர் சொல்கிறது. ஐபி முகவரியைச் சேமிப்பதே இல்லை என்கிறது சுவிட்சர்லாந்தில் பதிவு செய்யப்பட்ட லாப நோக்கமற்ற குவாட்9, அதாவது 9.9.9.9. நம் ஊர் இணைய நிறுவனங்களில் எத்தனை பேர் டிஎன்எஸ் பதிவை எவ்வளவு நாள் வைத்திருக்கிறோம் என்று இவ்வளவு தெளிவாக வாடிக்கையாளரிடம் சொல்கிறார்கள்? கேட்டுப் பாருங்கள்.

தபால் கார்டை உறைக்குள் போடும் முறையும் வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு 9 முதல் போன்களில் 'பிரைவேட் டிஎன்எஸ்' இருக்கிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் 'செக்யூர் டிஎன்எஸ்' வகை செட்டிங் உண்டு. இதைப் போட்டால் வழியில் இருப்பவர்கள் கேள்வியைப் படிக்கவோ பதிலை மாற்றவோ முடியாது. ஆனாலும் நீங்கள் எந்த முகவரிக்குப் போகிறீர்கள் என்பது இணைய நிறுவனத்துக்குத் தெரிந்துகொண்டுதான் இருக்கும். டிஎன்எஸ்ஸை மாத்திட்டேன், இனி என்னை யாரும் பார்க்க முடியாது என்று நினைப்பது வீண் நம்பிக்கை.

நீங்க மாத்தாம, வேற யாராவது மாத்திட்டா?

இதுதான் ரீல்ஸில் வராத, ஆனால் பணம் சம்பந்தப்பட்ட பகுதி.

வீட்டு ரவுட்டரின் டிஎன்எஸ்ஸை மோசடிக்காரர் மாற்றிவிட்டால், அந்த வைஃபையில் இருக்கும் எல்லாப் போனும் வழி கேட்பது மோசடிக்காரரிடம். நீங்கள் வங்கியின் பெயரைச் சரியாகத்தான் அடிப்பீர்கள், ஒரு எழுத்துகூடப் பிழை இருக்காது. போய்ச் சேர்வது அச்சு அசல் போலி வங்கித் தளம்.

கற்பனை அல்ல. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ, எஸ்டோனியா நாட்டைச் சேர்ந்த ஒரு கும்பல் மீது வழக்குப் போட்டது. டிஎன்எஸ்சேஞ்சர் என்ற வைரஸ் மூலம் 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகளின் டிஎன்எஸ்ஸை அவர்கள் மாற்றியிருந்தார்கள். மோசடி சர்வர்களை உடனே அணைத்தால் அத்தனை பேருக்கும் நெட் போய்விடும் என்பதால், பதிலுக்கு நல்ல சர்வர்களை வைத்து 2012 ஜூலை வரை ஓட்ட வேண்டியிருந்தது. 2018-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரவுட்டர்கள் இதேபோல் மாற்றப்பட்டது கண்டுபிடிக்கப்பட்டது. பெரும்பாலானவை பிரேசிலில், குறி வங்கி வாடிக்கையாளர்கள்.

உள்ளே எப்படி நுழைகிறார்கள்? பல நேரம் கதவு திறந்தே கிடக்கிறது. நம் வீடுகளுக்கு நெட் போட வரும் தம்பி ஒயரை இழுத்து, வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் வைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். ரவுட்டரின் உள்ளே போகும் அட்மின் பாஸ்வேர்டு வேறு. அது பெட்டிக்கு அடியில் ஸ்டிக்கரில் அச்சடித்த அதே பாஸ்வேர்டாக, சில பெட்டிகளில் 'அட்மின்' என்ற சொல்லாகவே வருஷக்கணக்கில் கிடக்கிறது.

நம்மைக் காப்பாற்றுவது பிரவுசரின் எச்சரிக்கை. போலி சர்வரிடம் வங்கியின் உண்மையான பாதுகாப்புச் சான்றிதழ் இருக்காது. அதனால் 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று பிரவுசர் நிறுத்தும். ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி வங்கிகள் 2025 அக்டோபர் இறுதிக்குள் டாட் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாறச் சொல்லப்பட்டதால், போலிப் பெயர்களை அடையாளம் காண்பது இப்போது கொஞ்சம் எளிது. பெயரும் அப்படி முடிய வேண்டும், எச்சரிக்கையும் வரக் கூடாது. வங்கித் தளத்தில் அந்தச் சிவப்பு எச்சரிக்கை வந்தால், 'பரவாயில்லை, தொடர்' என்பதை அழுத்தவே அழுத்தாதீர்கள். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் அதே முகவரியைத் திறந்து பாருங்கள். அங்கே எச்சரிக்கை வராவிட்டால் உங்கள் வீட்டு ரவுட்டர் மீது சந்தேகப்படக் காரணம் இருக்கிறது.

அதனால், டிஎன்எஸ்ஸை மாற்றுகிறீர்களோ இல்லையோ, ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் பெரும்பாலான பெட்டிகள் திறக்கும். ஜியோ பெட்டிகளில் 192.168.29.1. டிஎன்எஸ் என்ற இடத்தில் 'ஆட்டோ' என்று இருந்தால் கவலை இல்லை. யாரும் போடாத, தெரியாத எண் இருந்தால் நெட் கொடுத்தவரைக் கூப்பிட்டு 'இது உங்க நம்பரா?' என்று கேளுங்கள். இல்லை என்றால் பெட்டியை ரீசெட் செய்யச் சொல்லுங்கள். அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வெளியிலிருந்து ரவுட்டருக்குள் நுழைய விடும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' ஆன் ஆகியிருந்தால், அது நிறுவனம் பயன்படுத்துவதா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றால் அணைத்துவிடுங்கள்.

வீட்ல பசங்க இருக்காங்களா?

என்னைக் கேட்டால், டிஎன்எஸ்ஸை மாற்ற இதைவிட நல்ல காரணம் கிடையாது. வடிகட்டும் டிஎன்எஸ் சேவைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கிளவுட்ஃபிளேரின் 1.1.1.2 வைரஸ் பரப்பும் தளங்களுக்கு வழி சொல்லாது. 1.1.1.3 அவற்றோடு ஆபாசத் தளங்களுக்கும் சொல்லாது. குவாட்9 மோசடித் தளங்களைத் தடுக்கும். ஓப்பன்டிஎன்எஸ்ஸின் குடும்பச் சேவை 208.67.222.123. ரவுட்டரில் ஒருமுறை போட்டால் வீடு முழுக்க, டிவி வரை வேலை செய்யும்.

இங்கே பலர் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. முதல் கட்டத்தில் 1.1.1.3, இரண்டாவது கட்டத்தில் 'ஒரு சேஃப்டிக்கு' 8.8.8.8 என்று போடுவது. இரண்டாவது எண், முதலாவது படுத்தால்தான் வேலை செய்யும் என்று நினைக்கிறோம். பல கருவிகள் இரண்டிடமும் மாறி மாறிக் கேட்கும். 8.8.8.8-க்கு எந்தத் தடையும் கிடையாது, வடிகட்டியில் ஓட்டை விழுந்தது. 1.1.1.3-க்குத் துணை 1.0.0.3. ஓப்பன்டிஎன்எஸ் குடும்பச் சேவைக்குத் துணை 208.67.220.123. இன்னொரு ஓட்டை ஐபிவி6. இந்தியாவில் அது மிகப் பரவலாக இருக்கிறது. ரவுட்டரில் பழைய வகை எண்ணை மட்டும் மாற்றிவிட்டு ஐபிவி6 டிஎன்எஸ்ஸை அப்படியே விட்டால், போன்கள் அந்த வழியாகப் பழைய சர்வரிடமே கேட்டுக்கொண்டிருக்கும்.

எதிர்பார்ப்பையும் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். டிஎன்எஸ்ஸுக்குத் தளத்தின் பெயர்தான் தெரியும். யூடியூப்பில் இந்த வீடியோ வேண்டும், அந்த வீடியோ வேண்டாம் என்று பிரிக்கத் தெரியாது. யூடியூப் விளம்பரத்தை டிஎன்எஸ் மூலம் நிறுத்த முடியாததற்கும் அதே காரணம்தான். பையன் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்குப் போனால், விபிஎன் போட்டால், பிரவுசரில் செக்யூர் டிஎன்எஸ்ஸை வேறாக மாற்றினால் ரவுட்டர் வடிகட்டி அங்கே நிற்காது. சின்னப் பிள்ளைகளுக்குப் போதும். பத்தாம் வகுப்புப் பையனிடம் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும்.

மாத்துறதுன்னா எப்படி மாத்துறது?

வீட்டில் எல்லாருக்கும் வேண்டும் என்றால் ரவுட்டரில். உங்களுக்கு மட்டும் என்றால் போனில். எங்கே மாற்றினாலும், முதலில் இருக்கும் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழையபடி மாற்ற வேண்டியிருந்தால் அதுதான் கை கொடுக்கும்.

சில நிறுவனங்கள் தரும் பெட்டிகளில் டிஎன்எஸ்ஸை மாற்றவே விடுவதில்லை. அங்கே போனில்தான் வழி. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், நெட்வொர்க், பிரைவேட் டிஎன்எஸ் என்று போனால் மூன்று தேர்வுகள் இருக்கும். எண்ணை அங்கே போட முடியாது, சேவையின் பெயரைத்தான் போட வேண்டும். கூகுளுக்கு டிஎன்எஸ், புள்ளி, கூகுள் என்று ஆங்கிலத்தில். இது மொபைல் டேட்டாவுக்கும் சேர்த்து வேலை செய்யும். ஐபோனில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள வட்டத்தைத் தொட்டு 'கான்ஃபிகர் டிஎன்எஸ்' போகலாம். அது அந்த ஒரு வைஃபைக்கு மட்டும்தான்.

பிரைவேட் டிஎன்எஸ்ஸில் பெயர் போட்டு வைத்தவர்களுக்கு ஒரு தொல்லை வரும். ஹோட்டல், ரயில் நிலையம் மாதிரி லாகின் பக்கம் கேட்கும் வைஃபைகளில் அந்தப் பக்கமே வராமல், 'கனெக்ட் ஆகியிருக்கு, நெட் இல்லை' என்று நிற்கும். அப்போது அதை 'ஆட்டோமேட்டிக்' ஆக்கினால் போதும். பொதுவாகவே, எந்தப் பிரச்னையும் இல்லாதவர்கள் 'ஆட்டோமேட்டிக்'கிலேயே விடலாம். உங்கள் நெட்வொர்க்கின் டிஎன்எஸ் சர்வருக்கு உறை போடத் தெரிந்தால் போன் தானாகவே உறை போட்டு அனுப்பும், தெரியாவிட்டால் பழைய முறைக்குப் போய்விடும்.

ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும் கை வைக்காதீர்கள். கம்பெனியின் உள் தளங்களுக்கு வழி தெரிந்தது கம்பெனி டிஎன்எஸ்ஸுக்கு மட்டும்தான். 8.8.8.8-இடம் கேட்டால் அப்படி ஒரு தளமே இல்லை என்று சொல்லும், திங்கட்கிழமை காலையில் ஐடி டீமுக்கு போன் போட வேண்டியிருக்கும்.

அடுத்த முறை நெட் நின்றால், ரவுட்டரைப் பத்துத் தடவை அணைத்துப் போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். வீட்டில் ஒரே ஒரு போனிலோ லேப்டாப்பிலோ வைஃபை செட்டிங்ஸில் டிஎன்எஸ்ஸை மட்டும் 9.9.9.9 என்று மாற்றுங்கள். அதில் மட்டும் தளங்கள் திறந்தால், கோளாறு உங்கள் நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸில். அதிலும் திறக்காவிட்டால் லைன் கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கஸ்டமர் கேரில் 'ரவுட்டரை ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்' என்று சொல்லும்போது, எதைச் சோதித்தீர்கள் என்று சொன்னால் புகார் சீக்கிரம் சரியான ஆளிடம் போகும்.